ஆறாம் வகுப்பிலேயே தொடங்கும் விண்ணப்பம்

மெடிக்கல் சீட் என்ற பேச்சு வந்தால் எங்கள் பக்கத்தில் முதல் கேள்வி, "மார்க் எவ்வளவு?" என்பதுதான். கல்வராயன் மலை அடிவாரத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியராக முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு விண்ணப்பம் வாங்கி வந்து, நிரப்பி, சான்றிதழ் சேர்த்து, கவுன்சிலிங் வரை கூடப் போய்வரும் வேலையும் மெல்ல மெல்ல என்னிடம் வந்து சேர்ந்தது. ஓய்வு பெற்ற பிறகும் அதை விடவில்லை. மார்க் போதாமல் இடம் போனவர்கள் நிறையப் பேர். மார்க் இருந்தும் இடம் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் பெரும்பாலும், வீட்டில் அதற்கு முன்பு யாரும் ஒரு விண்ணப்பம் நிரப்பியறியாத குடும்பத்துப் பிள்ளைகள்.

நான் வேலையில் சேர்ந்தது 1988இல். அதற்கு நான்கு வருஷம் முன்பு, 1984இல், தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்திருந்தது. அதற்கு முந்தைய இன்டர்வியூ காலத்தைப் பற்றி மூத்த ஆசிரியர்கள் ஸ்டாஃப் ரூமில் சொல்லுவார்கள். சிபாரிசு இல்லாதவன் இன்டர்வியூவில் என்ன செய்வான் என்று அவர்களுக்கு ஒரு மனக்குறை இருந்தது. நுழைவுத் தேர்வு அந்தக் குறையைத் தீர்த்து, வேறொன்றைக் கொண்டுவந்தது. பிளஸ் டூ மார்க்கை 200க்குச் சுருக்கி, நுழைவுத் தேர்வின் 100ஐச் சேர்த்து 300க்குக் கட் ஆஃப். உயிரியலுக்கு 50, இயற்பியல் வேதியியல் இரண்டுக்கும் சேர்த்து 50. பொதுத்தேர்வு மார்ச்சில் முடிந்ததும் வசதியுள்ள பிள்ளைகள் பெட்டியைக் கட்டிக்கொண்டு சென்னைக்கும் திருச்சிக்கும் கோச்சிங் போவார்கள். எங்கள் பிள்ளைகள் கரும்பு வெட்டவோ மரவள்ளிக் கிழங்கு பிடுங்கவோ போவார்கள்.

அந்த இரண்டு மாதம்தான் வித்தியாசம் என்று புரிந்தபோது, ஏப்ரல் மாதத்தில் பள்ளியைத் திறந்து வைத்துக்கொண்டோம். இயற்பியல் ஆசிரியர், வேதியியல் ஆசிரியர், நான். பழைய புத்தகக் கடைகளில் தேடி வாங்கிய வினாத் தொகுப்புகளைத் தமிழில் எழுதி, ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் எடுத்துக் கொடுத்தோம். நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எங்கள் பிள்ளைகளுக்குப் பழக்கமே இல்லை. அந்த வயதில் அவர்களுக்குப் பத்து மார்க் கேள்விக்குப் படம் போட்டுப் பாகம் குறித்துப் பக்கம் பக்கமாக எழுதத் தெரியும். சரியான விடைக்குப் பக்கத்திலேயே ஏறக்குறைய சரியான விடை ஒன்று உட்கார்ந்திருக்கும் என்பதை ஏற்றுக்கொள்ளவே அவர்களுக்குச் சில வாரம் பிடிக்கும்.

விண்ணப்பம் வாங்குவது தனி வேலை. அப்போது எங்களுக்குக் கிட்டத்தில் இருந்தது சேலம் மருத்துவக் கல்லூரி. ஸ்டேட் பாங்கில் கீழ்ப்பாக்கம் தேர்வுக்குழுச் செயலாளர் பெயரில் டி.டி. எடுத்து, முதல் பஸ் பிடித்துச் சேலம் போய், வரிசையில் நின்று வாங்கி வர வேண்டும். நான் போகும்போது நாலைந்து பேருக்குச் சேர்த்து வாங்கி வருவேன். வந்ததும் முதல் வேலை ஜெராக்ஸ் எடுப்பது. ஜெராக்ஸில் பென்சிலால் நிரப்பச் சொல்லி, மறுநாள் நான் பார்த்து, மூன்றாம் நாள்தான் அசலில் பேனா படும். எல்லாம் ஆன்லைனுக்கு மாறிய பிறகும் இந்தப் பழக்கத்தை விடவில்லை. இப்போதும் முதலில் வெள்ளைத் தாளில் எழுதிவிட்டுத்தான் கம்ப்யூட்டர் முன் உட்கார வேண்டும் என்பது என் கண்டிப்பு.

சான்றிதழ் விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சீட் போவது பெரும்பாலும் இங்கேதான்.

கல்வராயன் மலையில் வாழும் மலையாளி மக்கள் பழங்குடியினர் பட்டியலில் உள்ளவர்கள். பட்டியலிலேயே மாவட்டப் பெயர்களோடுதான் அவர்கள் குறிக்கப்பட்டிருக்கிறார்கள். பழைய தென்னாற்காடும் சேலமும் அதில் உண்டு. பக்கத்து மாவட்டத்து மலையில் அதே பேச்சு பேசி அதே சாமி கும்பிடும் சனங்களுக்கு அந்தச் சான்றிதழ் கிடைக்காது. இது நியாயமில்லை என்று சொல்லிவிட்டு மேலே போகிறேன். மற்ற சாதிச் சான்றிதழ்களைத் தாசில்தார் கொடுப்பார். பழங்குடிச் சான்றிதழை மட்டும் 1989 நவம்பரிலிருந்து கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ.தான் கொடுக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர், ஆர்.ஐ., தாசில்தார் என்று ஒவ்வொரு மேஜையாக ஏறி, ஆர்.டி.ஓ. நேரில் விசாரித்துத் தருவதற்குள் மாதக் கணக்கில் ஆகும். தகப்பனுக்கு ஏற்கெனவே சான்றிதழ் இருந்தால் சுலபம். தகப்பன் பள்ளிக்கூடமே போகாதவராக இருந்தால் அவரிடம் எங்கே இருக்கும்?

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பெண். எங்கள் பள்ளியில் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவள். உயிரியலில் அவ்வளவு மார்க் வாங்கிய மலைப் பெண்ணை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ரிசல்ட் வந்த பிறகு சான்றிதழைக் கேட்டால், அவளிடம் இருந்தது பள்ளி மாற்றுச் சான்றிதழ் மட்டும். அதில் சாதி என்ற இடத்தில் 'இந்து' என்று எழுதிவிட்டு நிறுத்தியிருந்தார்கள். ஒன்றாம் வகுப்பில் யாரோ அவசரத்தில் எழுதியது, அப்படியே ஒவ்வொரு டி.சி.யாக இறங்கி வந்துவிட்டது. அவளுடைய அப்பா ஒரு நாள் கடுக்காய் மூட்டையோடு கீழே வந்தவர், அப்படியே என்னைப் பார்க்க வந்தார்.

"நாங்க மலையாளின்னு மலைக்கே தெரியுமே சார். காயிதத்துல வேற எழுதணுமா?"

எழுதத்தான் வேண்டும் என்று சொல்லி, அவருடைய பெரியப்பா மகன் ஒருவர் வனத்துறையில் காவலராக இருந்ததைக் கண்டுபிடித்து, அவருடைய சான்றிதழின் நகலையும், இருவரும் ஒரே தாத்தாவின் பேரன்கள் என்பதற்கு ஊர் மூப்பனின் எழுத்தையும் வைத்து மனு கொடுத்தோம். ஆர்.டி.ஓ. நல்ல மனிதர். தானே மலைக்குப் போய் விசாரித்தார். சான்றிதழ் கிடைத்தது, ஆனால் அந்த வருஷ விண்ணப்பத் தேதி முடிந்துவிட்டது. அடுத்த வருஷம் அவள் மறுபடி நுழைவுத் தேர்வு எழுதினாள். இப்போது ஓர் அரசு மருத்துவமனையில் மகப்பேறு மருத்துவர். ஒரு வருஷம் போனதே என்று அவள் ஒரு நாளும் சொல்லவில்லை. நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு ஆறாம் வகுப்புச் சேர்க்கையின்போதே பதிவேட்டைப் பார்க்கும் பழக்கம் வந்தது. பிள்ளையின் பெயர், இனிஷியல், அப்பா பெயர், பிறந்த தேதி, சாதி. ஐந்தே விஷயம். 'முத்துச்சாமி', 'முத்துசாமி', 'முத்துஸ்வாமி' என்று ஒரே ஆள் மூன்று தாளில் மூன்று பேராக இருப்பார். ஆதார் வந்த பிறகு இன்னும் சிக்கல்: மார்க் ஷீட்டில் 'மு' என்று ஓரெழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுதாக. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் அச்சாகும் முன் திருத்துவது ஒரு கையெழுத்து வேலை. அச்சான பிறகு திருத்துவது சென்னை வரை போகும் வேலை. அதனால் ஒன்பதாம் வகுப்பு முடிவதற்குள் எல்லாத் தாளிலும் ஒரே பெயர் இருக்க வேண்டும் என்று வகுப்பாசிரியர்களிடம் கெஞ்சிக் கேட்டு வாங்குவேன்.

2007இலிருந்து நுழைவுத் தேர்வு போயிற்று. பிளஸ் டூ மார்க் மட்டும். உயிரியல் 100க்கு, இயற்பியல் 50க்கு, வேதியியல் 50க்கு, மொத்தம் 200. எங்கள் பிள்ளைகளுக்கு நல்ல காலம் என்று மகிழ்ந்தோம், ஓரளவு அது உண்மையும்கூட. தமிழ் வழியில் படித்த பிள்ளை, தான் படித்த பாடத்தில், தன் மொழியில் எழுதிய மார்க்கோடு நேராகக் கவுன்சிலிங் போக முடிந்தது. ஆனால் கட் ஆஃப் 197, 198 என்று ஏறி, கால் மார்க்குக்கு ஒரு கூட்டமே நிற்கும் நிலை வந்தது. ஒரே கட் ஆஃப் வாங்கியவர்களை உயிரியல் மார்க், வேதியியல் மார்க், பிறந்த தேதி என்று பிரித்து, அதிலும் பிரியாவிட்டால் ரேண்டம் எண். பிள்ளையின் எதிர்காலம் ஒரு குலுக்கல் எண்ணில் நிற்பதைப் பார்த்துப் பெற்றவர்கள் கோயிலுக்குப் போனார்கள். நான் விடைத்தாள் நகலுக்குப் போட்டேன்.

பொதுத்தேர்வு விடைத்தாளின் நகலைப் பணம் கட்டி வாங்கலாம், மறுகூட்டலுக்கோ மறுமதிப்பீட்டுக்கோ விண்ணப்பிக்கலாம் என்பது அப்போது கிராமத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. நகல் வந்ததும் நானும் தாவரவியல் ஆசிரியையும் மேஜையில் விரித்துவைத்துப் பக்கம் பக்கமாகப் பார்ப்போம். கூட்டலில் விட்டுப்போன மார்க் இருக்கும். கடைசிப் பக்கத்தில் எழுதிய ஒரு மார்க் விடை திருத்தப்படாமலே இருக்கும். பாடப்புத்தகத்தில் உள்ள விடையையே எழுதியும் தவறு போட்டிருப்பார்கள். ஒரு மார்க் கூடினால் உயிரியலில் அரை மார்க் கட் ஆஃப் ஏறும். அந்த அரை மார்க் ரேங்க் பட்டியலில் ஒரு பையனை நூற்றுக்கணக்கான இடம் மேலே தூக்கியதைப் பார்த்தேன். அவன் செங்கல்பட்டில் சேர்ந்தான்.

நுழைவுத் தேர்வு இல்லாத அந்தப் பத்து வருஷத்தில் வேறொன்றும் நடந்தது. நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளின் பெயர் ஊர் ஊராகப் பரவியது. பல தனியார் பள்ளிகளில் பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமலே இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே படிக்க வைத்தார்கள். பொதுத்தேர்வு பிளஸ் டூவுக்கு மட்டும்தானே. அந்த வியாதி எங்கள் அரசுப் பள்ளிகளுக்கும் தொற்றியது. மேலிருந்து வரும் கேள்வியெல்லாம் பிளஸ் டூ தேர்ச்சி விகிதம் பற்றித்தான் என்றால் ஆசிரியர் வேறென்ன செய்வார்? பிளஸ் ஒன் விலங்கியலில் மனித உடலியல் முழுக்க நடத்துவது அப்போது என் பிடிவாதம் என்று பேசப்பட்டது.

பிறகு 2017. தேசிய நுழைவுத் தேர்வான நீட்டுக்கு விலக்கு உண்டு, இல்லை, அவசரச் சட்டம் வருகிறது, வரவில்லை என்று அந்தக் கோடை முழுவதும் பிள்ளைகளை அலைக்கழித்தார்கள். ஆகஸ்ட் 22ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நீட் மார்க்கில்தான் சேர்க்கை என்று சொல்லிவிட்டது. எங்கள் பள்ளியில் அந்த வருஷம் 195க்கு மேல் கட் ஆஃப் வைத்திருந்த ஒரு பையன், பழைய முறையில் இருந்தால் கையில் சீட்டோடு இருந்திருப்பான். அவனிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. செப்டம்பர் 1ஆம் தேதி அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா இறந்த செய்தி வந்தது. 1,200க்கு 1,176 வாங்கிய பெண். அன்று பள்ளியில் பாடம் நடக்கவில்லை. மாலையில் எங்கள் பையன் வீட்டுக்குப் போய், அவன் அம்மாவோடு ராத்திரி வரை உட்கார்ந்திருந்தேன். அதிலிருந்து, ரிசல்ட் வருகிற வாரத்தில் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் ஒரு ஆசிரியர் போய் வர வேண்டும் என்று எங்களுக்குள் பங்கு பிரித்துக்கொண்டோம். விண்ணப்பத்துக்கு உதவுவது என்றால் அதுவும் சேர்ந்ததுதான் என்று நினைக்கிறேன்.

நீட் எங்கள் வேலையையே மாற்றிவிட்டது. 180 கேள்வி, 720 மார்க். சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 போகும். உயிரியலுக்கு மட்டும் 90 கேள்வி, அதாவது பாதி மார்க். கேள்வியில் ஏறக்குறைய பாதி, நாங்கள் ஒதுக்கி வைத்த பிளஸ் ஒன் பாடத்திலிருந்து. என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தை வாங்கி வரி வரியாகப் படித்தேன், அப்போது எனக்கு வயது ஐம்பதுக்கு மேல். அதில் படத்தின் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் விளக்கத்திலிருந்துகூடக் கேள்வி வரும். தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு 2018 வினாத்தாளில் இன்னொரு அடி: தமிழ் மொழிபெயர்ப்பில் 49 கேள்விகளில் பிழை. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 கருணை மதிப்பெண் தரச் சொன்னது, உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தியது. அதன் பிறகு நான் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு கலைச்சொல்லையும் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் நோட்டில் எழுதவைத்தேன். தமிழ்க் கேள்வி குழப்பினால் பக்கத்தில் இருக்கும் ஆங்கிலத்தைப் பார்க்கத் தெரிய வேண்டும்.

எங்கள் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் வழி இதுதான்: உயிரியலை முழுக்கப் பிடி, வேதியியலில் பாதிக்கு மேல் பிடி, இயற்பியலில் தெரிந்ததை மட்டும் தொடு. தெரியாத இயற்பியல் கணக்கைக் குருட்டாம்போக்கில் நிரப்பி, உயிரியலில் சேர்த்த மார்க்கைக் கரைத்தவர்கள் நிறையப் பேர். ஒரு வருஷம் நின்று மறுபடி எழுதலாமா என்று வருகிறவர்களிடம் மொத்த மார்க்கைக் கேட்கமாட்டேன், உயிரியல் மார்க்கைக் கேட்பேன். அது நன்றாக இருந்து மற்ற இரண்டும் சரிந்திருந்தால் ஒரு வருஷம் பலன் தரும். உயிரியலே பாதிக்குக் கீழ் என்றால், அந்த வருஷத்தை நர்சிங்கிலோ பார்மசியிலோ பி.எஸ்சி.யிலோ போடு என்று நேராகச் சொல்லிவிடுவேன். சிலர் கோபப்பட்டுப் போனார்கள். அவர்களில் இரண்டு பேர் இன்று நல்ல செவிலியர்கள்.

நீட் விண்ணப்பம் ஆன்லைனில் என்பதால் எல்லாம் சுலபமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். கிராமத்துப் பிள்ளை பிரவுசிங் சென்டருக்குப் போகிறது. கடைக்காரர் வேகமாக வேலை முடிய வேண்டும் என்று தன்னுடைய மொபைல் எண்ணையும் தன் இமெயிலையுமே போட்டுவிடுகிறார். பாஸ்வேர்டும் அவர் வைத்ததுதான். ஹால் டிக்கெட், ரிசல்ட், கவுன்சிலிங் அழைப்பு, ஓ.டி.பி. எல்லாம் அவர் போனுக்குத்தான் போகும். சீசன் முடிந்து அவர் சிம்மை மாற்றிவிட்டால் பிள்ளை கதவுக்கு வெளியே நிற்கும். அப்பா போன் வேண்டாம், அது அடிக்கடி ரீசார்ஜ் இல்லாமல் கிடக்கும். அம்மா போனோ அண்ணன் போனோ, எது வருஷம் முழுக்க உயிரோடு இருக்குமோ அந்த எண். இமெயிலைப் பிள்ளை தானே உருவாக்கி, பாஸ்வேர்டை உயிரியல் நோட்டின் கடைசி அட்டையில் எழுதி, நகலை என்னிடம் தர வேண்டும்.

அதே விண்ணப்பத்தில் இன்னொரு பொறி. எங்கள் மாநிலத்தில் பி.சி., எம்.பி.சி. என்று சொல்லும் பிள்ளை, மத்தியப் பட்டியலில் ஓ.பி.சி.யாக இருக்கலாம். அகில இந்திய ஒதுக்கீட்டின் 15 சதவீத இடங்களில் 2021இலிருந்து ஓ.பி.சி.க்கு 27 சதவீதம் உண்டு. அதற்கு மத்திய அரசுப் படிவத்தில் தனிச் சான்றிதழ் வேண்டும், வருமானத்தைப் பொறுத்துப் புதுப்பிக்கவும் வேண்டும். கடையில் நிரப்புகிறவர் கைப்பழக்கத்தில் ஜெனரல் என்று தட்டிவிடுகிறார். திருத்தம் செய்யக் கொடுக்கும் சில நாளில் கவனிக்காவிட்டால் அந்த வாசல் மூடிவிடும்.

கவுன்சிலிங் அரங்கு எனக்கு மிகவும் பழக்கமான இடம். கீழ்ப்பாக்கத்தில் நடந்தபோதும் போயிருக்கிறேன், ஓமந்தூரார் வளாகத்துக்கு மாறிய பிறகும் போயிருக்கிறேன். சுவரில் பெரிய திரை. ஒவ்வொரு கல்லூரிப் பெயருக்கும் நேராக ஓ.சி., பி.சி., பி.சி.எம்., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.சி.ஏ., எஸ்.டி. என்று கட்டங்கள். ஒருவர் எழுந்து போய் வர ஒரு கட்டத்தில் ஓர் எண் குறையும். எத்தனை பெற்றவர்கள் அந்தத் திரையைப் பார்த்து என்னிடம், "ஓ.சி. நமக்கில்லையே சார், அது அவங்களுக்கு" என்று சொல்லியிருக்கிறார்கள்! ஓ.சி. என்பது பொதுப் பிரிவு. அந்த 31 சதவீதம் எல்லோருக்கும் பொது. ரேங்க் வந்தால் எந்தச் சாதிப் பிள்ளையும் எடுக்கலாம். 69 சதவீத இட ஒதுக்கீடு அதற்கு மேல் கிடைப்பது. இதை அறியாமல் முன்னால் கூப்பிட்டும் போகாமல், தன் பிரிவுக்கான நாளுக்காகக் காத்திருந்த குடும்பத்தைப் பார்த்து நான் ஓடிப்போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். அந்தப் பையனுக்கு ஸ்டான்லி கிடைத்தது.

இப்போது அந்த அரங்கு இல்லை, கம்ப்யூட்டரில் கல்லூரிகளை வரிசைப்படுத்த வேண்டும். இதில் பிள்ளைகள் செய்வது, கிடைக்கும் என்று தோன்றுவதை முதலில் போடுவது. கூடாது. எது வேண்டுமோ அது முதலில். ரேங்க் போதாவிட்டால் இயந்திரம் தானே அடுத்ததற்கு இறங்கும், அதனால் மேலே ஆசைப்பட்டதற்கு ஒரு நஷ்டமும் இல்லை. பட்டியலை நடுவில் நிறுத்தவும் கூடாது. போகமாட்டேன் என்று உறுதியாகத் தெரிந்த கல்லூரியை மட்டும் விடலாம். 2022 ஜனவரியில் நாமக்கல், கள்ளக்குறிச்சி, கிருஷ்ணகிரி, அரியலூர் என்று 11 புதுக் கல்லூரிகளை ஒரே நாளில் திறந்தார்கள். வீட்டுக்குக் கிட்டே என்பதற்காகப் புதுக் கல்லூரியை முதலில் போட நினைப்பவர்களிடம், ரேங்க் இருந்தால் பழைய கல்லூரியை முதலில் போடு என்பேன். நோயாளிகள் நிறைய வரும் இடத்தில்தான் மருத்துவம் கற்க முடியும்.

நம் முறையில் ஒரு குறை எனக்கு எப்போதும் உண்டு. நீ ஏன் டாக்டராக வேண்டும் என்று யாருமே கேட்பதில்லை. எனக்குத் தெரிந்து வேலூர் சி.எம்.சி. ஒன்றுதான் அதைக் கேட்டது. எழுத்துத் தேர்வில் தேறியவர்களை அழைத்து, சில நாள் அங்கேயே தங்கவைத்து, குழுவாக வேலை கொடுத்துப் பார்ப்பார்கள். கிறிஸ்தவத் திருச்சபையின் பரிந்துரையோடு போகிறவர்கள் படிப்பு முடிந்து இரண்டு வருஷம் மிஷன் மருத்துவமனையில் வேலை செய்ய வேண்டும். எங்கள் பள்ளியிலிருந்து ஒரு பையன் அங்கே தேர்வுக்குப் போய்வந்து, "யார் முதல்ல முடிச்சாங்கன்னு பார்க்கல சார், யார் அடுத்தவனுக்குக் கை கொடுத்தாங்கன்னு பார்த்தாங்க" என்று சொன்னான். இடம் கிடைக்கவில்லை, ஆனால் வேறொரு பையனாகத் திரும்பி வந்தான். நீட் கட்டாயமான 2017இல், தங்கள் தேர்வு முறையை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் அந்தக் கல்லூரி எம்.பி.பி.எஸ்.ஸில் ஒரே ஒரு மாணவரை மட்டும் சேர்த்துக்கொண்டது. வேறு வழியில்லாமல் அவர்களும் பிறகு நீட்டை ஏற்றார்கள்.

அந்தக் கேள்வியை நானே பிள்ளைகளிடம் கேட்பது என்று முடிவு செய்தேன். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவரிடம் சொல்லி, மெடிக்கல் ஆசைப்படும் பிளஸ் ஒன் பிள்ளைகளைச் சில சனிக்கிழமை புறநோயாளிப் பகுதியில் உட்கார வைப்பேன். டோக்கன் எழுதிக் கொடுப்பார்கள், வயதானவர்களைக் கைப்பிடித்து அழைத்து வருவார்கள். பாம்புக்கடியோடு வந்தவரின் காலைப் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் இரட்டிப்பு ஆர்வத்தோடு வந்தவர்கள் உண்டு. ரத்தம் பார்த்து மயங்கிவிட்டு, "எனக்குக் கணக்குதான் சார்" என்று சொல்லிப் போனவர்களும் உண்டு. இருவருக்கும் நல்லதே நடந்தது. இதற்கு விண்ணப்பத்தில் ஒரு மார்க்கும் கிடையாது. ஆனால் அங்கே உட்கார்ந்துவிட்டு வந்த பிள்ளை மறுபடி ஒரு வருஷம் படிக்க வேண்டும் என்றாலும் தளர்வதில்லை.

2020இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. நீட் வந்த பிறகு அரசுப் பள்ளியிலிருந்து விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த ஒரே வருஷத்தில் மருத்துவம், பல் மருத்துவம் இரண்டுக்கும் சேர்த்து நானூறு பேர் வரை உள்ளே போனார்கள். கொரோனா காரணமாக நவம்பரில் நேரு உள் விளையாட்டரங்கில் கவுன்சிலிங். முகக்கவசத்தோடு, கால் செருப்பு தேய்ந்த பெற்றோர்கள் அந்தப் பெரிய அரங்கில் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். என்னோடு வந்த பெண்ணுக்குச் சுயநிதிக் கல்லூரியில்தான் இடம் இருந்தது. அவள் அப்பா கட்டட வேலை செய்பவர். கட்டணத்தைக் கேட்டதும், "வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டு வா கண்ணு" என்றார். நான் அவரை வெளியே அழைத்துப் போய், முதலில் வாங்கிக்கொள்ளுங்கள், சேர்வதற்கு நாள் இருக்கிறது, அதற்குள் பார்ப்போம் என்று சொன்னேன். அரசே கட்டணத்தை ஏற்கும் என்ற அறிவிப்பு அதன் பிறகு சில நாளில் வந்தது. அதற்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போன பிள்ளைகளில் சிலர் நீதிமன்றம் வரை அலைந்தார்கள். கையில் வந்த ஒதுக்கீட்டு ஆணையைப் பணத்துக்குப் பயந்து அன்றைக்கே திருப்பிக் கொடுக்காதீர்கள் என்று அதிலிருந்து எல்லோரிடமும் சொல்கிறேன்.

இந்த 7.5இல் ஒரு கண்டிப்பு இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாநகராட்சி, நகராட்சிப் பள்ளிகள், ஆதிதிராவிடர் நலப் பள்ளி, பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி எல்லாம் இதில் அடங்கும். அரசு உதவிபெறும் பள்ளி அடங்காது. எங்கள் ஊரில் ஒரு பையன், ஆறும் ஏழும் பக்கத்து ஊர் உதவிபெறும் பள்ளியில் படித்துவிட்டு எட்டில் எங்களிடம் வந்தவன். அங்கேயும் இலவசம், இங்கேயும் இலவசம். அதே சத்துணவு, அதே சைக்கிள். அவன் வீட்டுக்கு இரண்டும் ஒன்றுதான். நீட்டில் அவன் வாங்கிய மார்க், இந்த ஒதுக்கீட்டில் தாராளமாகப் போதும். போனஃபைட் சான்றிதழ் எழுதத் தலைமையாசிரியர் பதிவேட்டைத் திறந்தபோதுதான் அந்த இரண்டு வருஷம் கண்ணில் பட்டது. அவன் அம்மா, "அந்த ஸ்கூல் வாசல்லயும் அரசுன்னு எழுதியிருந்துச்சே சார்" என்றார். அந்தச் சொல் எனக்கு இன்னும் ஆறவில்லை. பல் மருத்துவத்திலும் இடம் வரவில்லை. பி.எஸ்சி. விலங்கியலில் சேர்ந்தான்.

அதனால் இப்போது நான் ஏப்ரல் மாதம் போவது பிளஸ் டூ வகுப்புக்கு இல்லை. சுற்றுவட்டாரத்துத் தொடக்கப் பள்ளிகளுக்கு. ஐந்தாம் வகுப்புப் பெற்றோர்களை ஆசிரியர்கள் கூட்டி வைப்பார்கள். ஆறாம் வகுப்புக்கு எந்தப் பள்ளி, அது அரசுப் பள்ளியா உதவிபெறும் பள்ளியா என்று எப்படித் தெரிந்துகொள்வது, பெயர் எழுத்து சரியா, சாதிச் சான்றிதழ் வாங்கியாயிற்றா, பட்டதாரி இல்லாத குடும்பம் என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ் எப்போது எடுப்பது என்று ஒரு மணி நேரம் பேசுகிறேன். பத்து வயதுப் பிள்ளைகளிடம் டாக்டராகு என்று சொல்வதில்லை. எந்தக் கதவும் சாத்திக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெரியவர்களிடம்தான் சொல்கிறேன்.

போன ஏப்ரலில் மலையடிவாரத்துப் பள்ளி ஒன்றில் பேசி முடித்ததும், இடுப்பில் கைக்குழந்தையோடு ஓர் அம்மா எழுந்தார்.

"எங்க ஊருக்கு ஆறாவதுக்குப் பஸ் இல்ல சார். ஆஸ்டல் கெடைக்குமா?"

கிடைக்கும் என்றேன். ஜூன் முதல் வாரம் விடுதிக் காப்பாளரைப் பாருங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார், ரேஷன் கார்டு நகல், இரண்டு போட்டோ எடுத்து வாருங்கள், நானும் வருகிறேன் என்று சொல்லி, என் போன் எண்ணைப் பிள்ளையின் நோட்டில் எழுதிக் கொடுத்தேன். நோட்டின் அட்டையில் பெயர் ஒரு விதமாக இருந்தது, வருகைப் பதிவேட்டில் வேறு விதமாக. தலைமையாசிரியையைக் கூப்பிட்டு, பிறப்புச் சான்றிதழை வாங்கிப் பார்த்து, டி.சி. எழுதுவதற்கு முன் அங்கேயே திருத்தச் சொன்னேன்.